வழக்கைத் தவிர மற்றதெல்லாம்

மார்ச் 3, திங்கள்

ரேடியோவின் கல்லூரியில் இன்று வேலை வழிகாட்டி நாள். ரேடியோ என் மகள். வாய் ஓயாததால் அவள் அப்பா வைத்த பெயர். குற்றவியல் படிப்பில் கடைசி வருடம் வந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசை முழுக்கத் துண்டுப் பிரசுரங்களைப் பரப்பினாள். போலீஸ், சிறைத்துறை, தடயவியல் கூடம், நன்னடத்தை அலுவலகம், வங்கி மோசடிப் பிரிவு, காப்பீட்டுப் புலனாய்வு. தட்டு வைக்க இடமில்லை.

தொப்பி போட்ட போலீஸ் படம் உள்ள தாளை இவர் பொறுக்கி எடுத்தார். "தொப்பி உனக்கு எடுப்பா இருக்கும்டா."

"ஓடணும்ப்பா. நான் பஸ்ஸைப் பிடிக்கவே ஓடமாட்டேன்."

நாத்தனார் போனில்: "அடுத்தவன் செஞ்ச குத்தத்தைப் படிக்க மூணு வருஷமா, அண்ணி?"

ரேடியோவுக்கு வேண்டியது தடயவியல் கூடம்தான். வெள்ளைக் கோட்டு, கைரேகை, பூதக்கண்ணாடி. பயிற்சிக்கு அதைத்தான் கேட்டிருக்கிறாள்.

மார்ச் 5, புதன்

கிடைக்கவில்லை. அவளுக்குப் போட்டிருப்பது நீதிமன்றத்தில் சாட்சிகள் காத்திருக்கும் அறை. நான் தினமும் செய்திக்காகப் போய் உட்காரும் அதே நீதிமன்றம்.

"அங்க என்ன வேலை?" என்றார் இவர்.

"சாட்சிகூட உக்காந்திருக்கணுமாம்."

"உக்காந்து?"

"உக்காந்து... அவ்ளோதான்."

நான் சிரித்திருக்கக் கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 17, திங்கள்

பயிற்சியின் முதல் நாள். வேலை இவ்வளவுதான்: பயந்துபோய் வரும் சாட்சியோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், வழக்கைத் தவிர. வழக்கைப் பேசினால் சாட்சிக்குச் சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

"பேசறதுக்குச் சம்பளம் தர்ற ஊரு இருக்குன்னு தெரியாம போச்சே," என்றார் இவர்.

அந்தப் பிரிவின் தலைவி, ரேடியோ 'மேடம்' என்று சொல்பவர், என்னைப் பற்றி விசாரித்தாராம். "அம்மா கிரைம் ரிப்போர்ட்டரா? அப்போ நல்லாக் கேட்டுக்கோ. வழக்கைப் பத்தி ஒரு வார்த்தை வீட்டுக்குப் போச்சுன்னா, அன்னைக்கே நீ கிளம்ப வேண்டியதுதான்."

நியாயமான பயம். இப்போது அங்கே நடப்பது நகைக்கடைக் கொள்ளை வழக்கு. எழுதுவது நான். கொள்ளையர்கள் முகமூடியைக் கழற்றியபோது பார்த்தவர் ஒரே ஒருவர். நான்காம் சாட்சி. அவர் யார் என்று வெளியே தெரியக் கூடாது என்பது நீதிபதியின் உத்தரவு. பிடிபடாத ஒருவன் இன்னும் வெளியில் இருக்கிறான்.

மார்ச் 20, வியாழன்

வாய்தா. நான்காம் சாட்சி நாள் முழுக்கக் காத்திருந்து திரும்பிப் போனாராம். அரசு வழக்கறிஞர் கவலையோடு இருந்தார். "அடுத்த தடவை வருவாரான்னே தெரியல."

எடிட்டர் கூப்பிட்டார். "உன் பொண்ணு உள்ளதானே இருக்கா? சும்மா பேச்சுவாக்குல கேளேன்."

கேட்கவில்லை. ஆனால் சாப்பிடும்போது பழக்கதோஷம் வந்துவிட்டது. "நாலாவது சாட்சி ஒரு வாட்ச்மேனாமே," என்றேன்.

ரேடியோ தட்டிலிருந்து தலையே தூக்கவில்லை. "தப்பா ஒண்ணைச் சொன்னா நான் திருத்துவேன், அதானே? எட்டாவது படிக்கும்போதே இதைக் கண்டுபிடிச்சிட்டேன்மா. தண்ணி எடு."

இவர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

மார்ச் 26, புதன்

மறுபடியும் வாய்தா. ஆனால் ரேடியோ உற்சாகமாக வந்தாள்.

இவருடைய ஆபீஸ் பையின் ஜிப் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்து பல மாதம். ஜிப்பைப் பூட்டும் ரன்னரை ஓட்டினால் ஓடும், பின்னாலேயே வாய் பிளந்துகொள்ளும். ரேடியோ குறடு எடுத்தாள். ரன்னரின் இரு ஓரங்களையும் மெதுவாக அமுக்கினாள். பற்களின் மேல் பென்சில் முனையைத் தேய்த்தாள். இழுத்தாள். வெண்ணெய் மாதிரி மூடியது.

"ஜிப் கெட்டா எல்லாரும் பல்லைத்தான் திட்டுவாங்கப்பா. பல்லு மேல தப்பே இல்ல. ரன்னர் வாய் அகண்டுபோச்சு, அவ்ளோதான்."

"எங்கடா கத்துக்கிட்ட?"

"சும்மா, பேசிட்டிருக்கும்போது ஒருத்தர் சொன்னாரு."

இவர் பையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே இருந்தார்.

மார்ச் 27, வியாழன்

பேருந்து நகைக்கடை வழியாகப் போனது. எதிர்வரிசையில் ஒரு ஜெராக்ஸ் கடை, ஒரு ஜூஸ் கடை. நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு கடை. வாசலில் பழைய சூட்கேஸ்கள். 'பை, சூட்கேஸ் பழுது பார்க்கப்படும். ஜிப் மாற்றித் தரப்படும்.'

அடக் கடவுளே. ஜிப் சொல்லிக்கொடுத்த அந்த 'ஒருத்தர்'!

ரேடியோ சத்தியமாக வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றதைத்தான் பேசினாள். அதுவே போதுமானதாகிவிட்டது. எனக்குத் தெரிந்தது இருக்கட்டும், கல்லூரித் தோழிகளிடம் எத்தனை ஜிப் சரிசெய்து காட்டினாளோ? அவளிடம் சொன்னால் தன் மேடத்திடம் நேரே போய் ஒப்புக்கொள்வாள், அவளை எனக்குத் தெரியும். வேலை போகும். சொல்லாவிட்டால்? அந்தக் குட்டிக் கடையில் அந்த மனிதர் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார்.

சொல்லித்தான் ஆக வேண்டும்.

மார்ச் 28, வெள்ளி

காலையில் அவள் தலை வாரிக்கொண்டிருக்கும்போது சொன்னேன். சீப்பு அப்படியே நின்றுவிட்டது.

"எழுதப் போறியா?"

"மாட்டேன்."

"எழுதமாட்டேன்னு எனக்கும் தெரியும். ஆனா உனக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல."

வேறெங்கும் இதைக் காட்டவில்லையாம். அப்பாடா என்றிருந்தது. அவளுக்கு இல்லை. சாப்பிடாமல் கிளம்பினாள். மேடத்திடம்தான். ஏன் சொன்னோம் என்று எனக்கே இருந்தது. வேறு என்ன செய்வது? தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு இருக்கவா?

சாயங்காலம்: சிரித்துக்கொண்டு வந்தாள்! மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாராம். பிறகு, "போன வருஷம் ஒரு மீன் வியாபாரி சாட்சியா வந்தாரு. ஒரு மாசம் எங்க வீட்டுல நான் மீன் வாங்கறது எப்படின்னு பாடம் எடுத்தேன். எங்க வீட்டுக்காரர் இப்போ செவுளைத் தூக்கிப் பாக்காம மீனே வாங்கறதில்ல. எனக்கு இப்போதான் உறைக்குது."

ஆனாலும் சாட்சியிடம் மறைக்க முடியாது என்று அவரிடமும் சொன்னார்களாம். அவருக்கு ரேடியோ வேண்டாமென்றால் வேறு ஆள் போடுவதாகவும் சொன்னார்களாம். அவர் யோசித்துவிட்டுச் சொன்ன பதிலை ரேடியோ எனக்குச் சொல்லவில்லை. முகம் மட்டும் சொன்னது.

இனிமேல் அறையில் கேட்டது எதுவானாலும் அறையோடு. புது விதி. மேடம் தன் கையால் எழுதி ஒட்டியிருக்கிறார்.

ஏப்ரல் 9, புதன்

விசாரணை. பத்திரிகையாளர் வரிசையில் நான். சாட்சிக் கூண்டைச் சுற்றித் திரை. 'நான்காம் சாட்சி' என்று அழைத்தாயிற்று, அவர் வரவில்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கைக்கடிகாரத்தை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பார்த்தார்.

அப்போது பக்கத்து அறையிலிருந்து ஓர் ஆண் குரல் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. கூடவே எனக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு சிரிப்பு. கதவு திறந்தது. திரைக்குப் பின்னால் செருப்புச் சத்தம், நாற்காலி நகரும் சத்தம்.

குரல் முதலில் கொஞ்சம் தடுமாறியது. பிறகு தடுமாறவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். குறுக்கு விசாரணையிலும் அசையவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

எடிட்டர்: "பேரு வேணாம். என்ன தொழில்னு மட்டுமாவது போடேன்." கோர்ட் உத்தரவு சார் என்றேன். 'நான்காம் சாட்சி' என்றே அச்சாகியிருக்கிறது.

ஏப்ரல் 25, வெள்ளி

தண்டனை அறிவித்தார்கள். வெளியிலிருந்த ஆளும் போன வாரமே பிடிபட்டுவிட்டான்.

மே 12, திங்கள்

பயிற்சி முடிந்தும் அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். தேர்வு முடிவு வந்ததும் நிரந்தரம். தடயவியல் கூடத் தாள் மடித்த நிலையில் மேசையின் ஆடும் காலுக்கு அடியில் போயிருக்கிறது.

"யூனிஃபார்ம் உண்டா?" என்றார் இவர், இன்னும் நம்பிக்கை விடாமல்.

"கழுத்துல ஒரு அட்டை தொங்கும்ப்பா."

"அதுவும் எடுப்பாத்தான் இருக்கும்."

இப்போதெல்லாம் அவள் வீட்டில் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கிறேன். பேச்சு குறையவே இல்லை. பஸ் கண்டக்டர், மேடத்தின் தும்மல், அத்தையின் போன். அந்த அறைக்கு இந்த வாரம் யார் வருகிறார், கொத்தனாரா, டாக்டரா? இத்தனை வருட அனுபவம் இருந்தும் ஒரு நூல் கூடச் சிக்கவில்லை.

நேற்று என் கைப்பையின் ஜிப் வாய் பிளந்துகொண்டது. அவளிடம் நீட்டினேன்.

"எனக்கென்னம்மா தெரியும்? கடைல குடு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இன்று காலை பை மேசை மேல் இருந்தது. இழுத்துப் பார்த்தேன். விரலில் பென்சில் கரி ஒட்டியது.