காயவிட்ட வயல்

பிப்ரவரி 16
இண்டூரில் எங்கள் வயலிலேயே பெட்டிகளை வைத்தாயிற்று. கண்ணாடிப் பெட்டியைப் பயிர்மேல் கவிழ்த்து, உள்ளே சேரும் காற்றைச் சிரிஞ்சில் எடுக்கிறேன். உலகத்து நெல் வயல்களிலிருந்து எவ்வளவு மீத்தேன் கிளம்புகிறது என்ற மதிப்பீட்டுக்கு இதுவும் போகும்.

“சேத்துல வர்ற குமிழிய எண்ணவா பாப்பா இவ்ளோ படிச்ச?” அப்பா கேட்டார். சிரித்தோம்.

மார்ச் 5
தண்ணீரை வடித்து, காயவிட்டுப் பாய்ச்சினால் வாயு குறையும். ஒப்பிட அப்படி ஒரு வயல் வேண்டும் என்றார் ஆய்வுத் தலைவர் மாதவராஜ் சார். அப்பாவிடம் நான்தான் பேசினேன்.

“போர்ல தண்ணி எறங்கிக்கிட்டே போவுதே.”

“இதுல தண்ணியும் மிச்சம்தான்ப்பா.”

மடையை வெட்டிவிட்டார்.

மார்ச் 13
மண் வெடிக்கிறது. மீத்தேன் பாதியாகிவிட்டது. சார் பாராட்டினார்.

மார்ச் 18
மோட்டார் போட்டோம். வெறும் காற்றுதான் வந்தது.

மார்ச் 21
பூக்கிற நேரம். போர்க்காரர் கையை விரித்துவிட்டார். வடித்த தண்ணீர் வயலிலேயே நின்றிருந்தால்? எத்தனை நாள் தாங்கியிருக்கும்? தெரியல. நான் போய்ச் சொல்லி, அப்பா மடையை வெட்டி— அம்மா முகத்தைப் பார்க்க முடியல.

“உன்னாலயா பாப்பா? காளியப்பன் போரும்தான் போச்சு,” என்கிறார் அப்பா.

உண்மைதான். ஆனால் பக்கத்து வயலில் காளியப்பன் மாமாவின் பயிர், தேங்கிய தண்ணீரில் இன்னும் பச்சையாக நிற்கிறது.

ஏப்ரல் 14
எல்லாம் பதர். அப்பா அறுத்து மாட்டுக்குப் போட்டார்.

மே 2
சார் போனில் சொன்னார்: “அது காஞ்சுபோன வயல், காவியா. மதிப்பீட்டுல சேர்க்க வேணாம்.”

காய்வதும் நடப்பதுதானே சார் என்றேன். அடுத்த பருவத்துக்கு வேறு வயல் பார்க்கலாமாம்.

சாப்பிடும்போது அப்பா, “நம்ம வயலு கணக்குல ஏறிடுச்சா?” என்றார்.

“ஏறிடுச்சுப்பா.”

தலையாட்டிவிட்டு மோர் ஊற்றச் சொன்னார். எதுக்கு அப்படிச் சொன்னேன்? வேற என்ன சொல்றது?

மே 19
அப்பாவுக்கு ஓசூர் கம்பெனி ஒன்றில் காவலாளி வேலை. அதியமான்கோட்டையில் பஸ் ஏற்றிவிட்டேன். சன்னல் பக்கம் இடம் கிடைத்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூன் 8
நேற்றிலிருந்து விடாத மழை. அப்பா போன் செய்தார்.

“அங்கயும் மழையா பாப்பா?”

“ஆமாப்பா. நல்ல மழை.”

பிறகு, “இங்க பூட்ஸு குடுத்திருக்காங்க. காலு உள்ளயே நிக்க மாட்டேங்குது,” என்றார்.