உறங்கினீர்களா என்று கேட்ட போர்மேன் மீதான புகாரை முடித்துவைக்கக் கோரும் மனு

அனுப்புநர்
தங்கச்சாமி (வயது 68),
த/பெ. பெரியகருப்பன்,
காலனித் தெரு, திருத்தங்கல்,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
விருதுநகர்.

பொருள்: பட்டாசுக் கம்பெனி போர்மேன் கண்ணுச்சாமி மீது என் மகன் கம்ப்யூட்டர் வழியாக அனுப்பிய புகாரை முடித்துவைத்து, அவர் மறுபடி வேலைக்கு வர உதவ வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தூத்துக்குடிப் பக்கம் வெள்ளம் வந்து, தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப்போய், திருச்செந்தூர் ரயில் ஜனங்களோடு நடுவழியில் நின்றதே, அதற்கு அடுத்து வந்த பொங்கல் கழிந்து நான் அமெரிக்கா போனேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தேதி கேட்டால் முழிப்பேன். நடந்ததைக் கேட்டால் நடந்த வரிசையில் சொல்வேன். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது எங்கள் தெரு யோகேஸ்வரி. இதில் பிழை இருந்தால் அது என் வாய்ப் பிழை என்று கொள்ளவும்.

2. என் மகன் பாண்டி டல்லாஸ் என்ற ஊரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். நான் பட்டாசு மருந்து சலித்த கூலியில் படித்தவன். அவனும் மருமகளும் என்னை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஆடி மாதம், தீபாவளி ஆர்டர் மும்முரத்தில், வேலை நினைப்பு வந்து நானாகத்தான் கிளம்பினேன். விமானத்தில் விடிந்ததா அடைந்ததா என்றே தெரியவில்லை. காலைச் சாப்பாட்டுக்கு மேல் காலைச் சாப்பாடாகத் தந்தார்கள். நடுவில் ஓர் அரபு நாட்டில் இறங்கி ஏறி, சென்னை வந்து, மதுரை வந்து, வீடு வந்து சேர்ந்தேன்.

3. வந்த மறுநாளே வேலைக்குப் போனேன். அமெரிக்கா போய்வந்த மிதப்பில் கிழவன் வீட்டில் சாய்ந்து கிடக்கிறான் என்று தெருவில் ஒரு சொல் வரக்கூடாது என்பதே காரணம். எங்கள் கம்பெனி வாசலில், மற்ற கம்பெனிகளைப் போலவே, பீடி, தீப்பெட்டி, போன் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். போர்மேன் கண்ணுச்சாமி அதற்கு மேல் ஒன்று கேட்பார்: "உறங்குனீகளா?" சாவு விழுந்த துட்டி வீட்டில் உட்கார்ந்து வந்தவர், கைப்பிள்ளைக்காரி, கோயில் கொடைக்குக் கண்விழித்தவர், யாரானாலும் அன்றைக்கு மருந்து அறை கிடையாது. காகிதக் குழாய் சுற்றும் செட்டில், மருந்து படாத கொட்டகையில், உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டுப் போகலாம். கூலி குறையாது. அந்தக் கேள்விக்கு எங்கள் வாசலில் யாரும் பொய் சொன்னதில்லை.

4. என்னையும் கேட்டார். உறங்கினேன் என்றேன். அது பொய்யில்லை ஐயா. முந்தின நாள் மத்தியானம் படுத்தவன் விளக்கு வைக்கும்வரை பிணம்போலக் கிடந்தேன். அவர் என் கண் இமையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாமா, ஆளு வந்து சேந்துட்டீக, உறக்கம் இன்னும் வந்து சேரல. அது வரட்டும், ரெண்டு பேரும் சேந்து வாங்க" என்றார். வரிசையே சிரித்தது. என் பக்கத்து வீட்டு ராக்காயி, அமெரிக்கா துரைக்கு இப்போதுதான் அங்கே பாய் விரிக்கிற நேரம் என்று எடுத்துக்கொடுத்தாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏலே, நீ போர்மேன் ஆகுறதுக்கு முன்னாடியே மருந்து சலிச்சவன்லே நானு" என்றேன். அவர் என்னைக் குழாய் செட்டுக்குக்கூட விடாமல் வீட்டுக்கு அனுப்பினார்.

5. வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் பாண்டி போன் பண்ணினான். கண்ணுச்சாமி என்னை எல்லார் முன்னாடியும் வாசலிலேயே நிறுத்திவிட்டான் என்று சொன்னேன். எதற்காக நிறுத்தினார் என்பதைச் சொல்வதற்குள் உறங்கிவிட்டேன். போன் காதோடு இருந்திருக்கிறது. அப்பா அப்பா என்று கூப்பிட்டுப் பார்த்த பிள்ளை, என் மூச்சுச் சத்தத்தைக் கேட்டு, அப்பன் பேச்சு வராமல் விம்முகிறார் என்று எண்ணிவிட்டான். அமெரிக்கா போய்வந்த பொறாமையில் வயதானவரை அவமானப்படுத்திய போர்மேன் மீது நடவடிக்கை வேண்டும் என்று அப்போதே தங்கள் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டான். பிள்ளை மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அப்பனுக்கு ஒன்று என்றதும் கொதித்தவன்.

6. அவனிடம் சொல்லாமல் விட்ட பாதியைத் தங்களிடம் சொல்கிறேன். அன்று சாயங்காலம் நீராகாரம் குடிக்கச் செம்பைக் கையில் எடுத்தேன். நின்றபடியே உறங்கியிருக்கிறேன். செம்பு எப்போது நழுவியது என்று எனக்குத் தெரியாது. தரையில் மோதிய சத்தத்தில்தான் விழித்தேன். ஐயா, மருந்து அறையில் அந்தச் சத்தத்தைக் கேட்க ஆள் இருக்காது. சிந்திய நீராகாரத்தில் நின்றுகொண்டு, வாசலில் நான் கண்ணுச்சாமியைப் பேசிய பேச்சை நினைத்துப் பார்த்தேன்.

7. வேலை விட்டு வந்த கண்ணுச்சாமி வீட்டுக்குப் போகாமல் என் வீட்டுக்குத்தான் வந்தார். காலையில் நான் பேசியதை அவர் எடுக்கவே இல்லை. அன்று முதல் தினமும் பொழுது சாயுமுன் என்னை டிவிஎஸ்ஸில் ஏற்றி ஆனைக்குட்டம் அணைக் கரைக்குக் கூட்டிப்போனார். முகத்தில் வெயில் படட்டும், உடம்புக்கு இந்த ஊர்ப் பொழுது எது என்று தெரியட்டும் என்பார். அந்த நாட்களில் பக்கத்தில் நிற்கிற ஆள் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் உறக்கம் வரும்; பாயில் படுத்தால் பசி வரும். பகலில் நான் கண்ணசந்துவிடாமல் ராக்காயி பார்த்துக்கொண்டாள். அவள் ஷிப்ட்டுக்குப் போகுமுன் என் முன்னால் ஒரு சுளகு நிறையக் கடலையைக் கொட்டி உடைக்கச் சொல்லிவிட்டுப் போவாள். திரும்பி வந்து, உடைத்ததைவிடத் தின்றது அதிகம் என்று ஏசுவாள். மாத்திரை கேட்டுப் போன என்னிடம் சுகாதார நிலைய நர்ஸ் கற்பகம், மாத்திரை வேண்டாம் ஐயா, உடம்பு தானாகத் திரும்பும், அவசரப்படுத்தாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். ஈன்ற பிள்ளை கடல் தாண்டி இருக்கையில் என்னை இத்தனை பேர் பார்த்துக்கொண்டார்கள். இவர்கள் எல்லாருக்கும் நான் நன்றிக்கடன் பட்டவன். அதில் முதல் ஆள் கண்ணுச்சாமி.

8. ஒருநாள் சாப்பிட்டுப் படுத்தவன் முதல் பஸ் ஹாரன் சத்தத்தில்தான் கண் விழித்தேன். உடம்பு லேசாக இருந்தது. கம்பெனி வாசலுக்குப் போனேன். கேட்டார், சொன்னேன், இமையைப் பார்த்தார், வழி விட்டார். அன்று மத்தியானமே தங்கள் அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். வந்த அலுவலர் எனக்கு நாற்காலி போடச் சொல்லி, நான் உட்கார்ந்த பிறகுதான் பேசினார். அந்த மரியாதைக்கும் நன்றி சொல்கிறேன். ஆனால் புகார் முடியும்வரை வீட்டில் இரும் என்று முதலாளி கண்ணுச்சாமியிடம் சொல்லிவிட்டார். முதலாளியையும் குறை சொல்ல முடியாது. சீசன் நேரத்தில் அரசாங்கப் புகார் என்றால் யாருக்கும் பயம்தான்.

9. இப்போது வாசலில் நிற்பது வேறு ஆள். பீடி பார்க்கிறார், தீப்பெட்டி பார்க்கிறார், போன் வாங்கி வைக்கிறார். உறங்கினீர்களா என்று கேட்பதில்லை. தீபாவளி லோடுக்கு ராப்பகலாகப் பாடுபட்டு, வீட்டிலும் உழைத்துவிட்டு, சிவந்த கண்ணோடு ஆட்கள் மருந்து அறைக்குள் போகிறார்கள். ஒரு தாய் வரிசையில் நின்றபடியே தலை சாய்ந்ததை நான் பார்த்தேன். கையைப் பிடித்துக் குழாய் செட்டுக்கு இழுத்தேன். நீ யாரு பெரியாளு என்று கையை உதறிவிட்டு உள்ளே போனாள். அன்று அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்காகத் தினமும் ஆகாது என்று இருந்துவிட முடியாது.

10. நடந்ததை முழுவதும் பாண்டியிடம் சொல்லிவிட்டேன். அவன் உடனே போனில் கண்ணுச்சாமி மாமாவிடம் மன்னிப்புக் கேட்டுப் பேசினான். புகாரைத் திரும்பப் பெறுவதாகவும் எழுதிப் போட்டிருக்கிறான். விசாரணையில் இருப்பதால் சம்பந்தப்பட்டவர் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்று பதில் வந்ததாம். அதனால்தான் வந்தேன்.

11. ஆகவே ஐயா அவர்கள், என்னை யாரும் அவமானப்படுத்தவில்லை என்ற என் சொல்லை ஏற்று இந்தப் புகாரை முடித்துவைத்து, கண்ணுச்சாமி மீது குற்றம் இல்லை என்று கம்பெனிக்கு ஓர் உத்தரவு அனுப்பும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். சீசன் முடிந்து அனுப்பினால் பிரயோஜனம் இல்லை. இந்த வாரமே அனுப்பினால் புண்ணியமாகப் போகும்.

12. ஏன் அப்படிக் கேட்கிறீர் என்று விசாரணையில் கேட்டதற்கு, வழக்கம்தான் ஐயா என்பதற்கு மேல் கண்ணுச்சாமி எதுவும் சொல்லவில்லை. அவர் சொல்ல மாட்டார். ராஜீவ் காந்தி இறந்த வருடம், இன்று இல்லாத ஒரு கம்பெனியில், லாரி லோடோடு வடக்கே போய்த் திரும்பிய முத்துக்கிருஷ்ணன், வழி நெடுகக் கண்மூடாமல் வந்து, இறங்கின கையோடு மருந்து சலிக்க உட்கார்ந்தார். வாசலில் யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அந்த அறையில் நாலு பேர் இருந்தார்கள். மருந்து வெடித்ததில் முத்துக்கிருஷ்ணன் அங்கேயே போய்விட்டார். என் அண்ணன் பெருமாள் மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் போனார். கையும் கழுத்தும் வெந்து பிழைத்த சோலையம்மாள், நான் டல்லாஸில் இருக்கையில் இந்தப் பங்குனியில் மூப்பில் இறந்தார். எடுக்கும்போது நான் இல்லை. நான் சொல்வதற்குச் சாட்சி வேண்டும் என்று ஐயா கேட்டால், அந்த அறையிலிருந்து இன்றைக்கு உயிரோடு இருப்பது ஒரே ஆள். அவர் பெயர் கண்ணுச்சாமி.

இடம்: விருதுநகர்
நாள்: 02.09.2024

நன்றி மறவாமல் கைநாட்டு வைக்கும்,
தங்கச்சாமி
(இடது கைப் பெருவிரல் ரேகை)