வைரஸ் இல்லாத தட்டு

இன்று ஆய்வகத்தின் பழைய குளிர்பெட்டியைக் காலி செய்தபோது, பனிக்கட்டிக்கு அடியில் உன் டப்பா கிடைத்தது. மூடியில் கோணல்மாணலாகத் தமிழில் என் பெயர். டெல்லியிலேயே பிறந்த உன் தமிழ் எழுத்து எப்போதும் அப்படித்தான். மற்றவர்கள் எடுத்துவிடாமலிருக்க நம் இருவர் குப்பிகளில் மட்டும் தமிழில் எழுதுவோமே. என் பெயரில் நீ எதற்கு டப்பா வைத்தாய் என்று விளங்காமல் திறந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. நாம் இருவரும் ஆராய்ந்த வைரஸ் செல்லின் உட்கருவுக்குள் தன் ஆர்.என்.ஏ.வை நகலெடுத்துவிடும், வெளியே கொண்டுவர அதற்குச் சொந்த வழி கிடையாது. செல்லின் புரதம் ஒன்றுதான் சுமந்து வந்து விடுகிறது. "நம்ம வீட்டு ஆளே திருடனுக்குச் சாமான் தூக்குதானே" என்று உன் வீட்டுத் திருநெல்வேலித் தமிழில் சிரிப்பாய். அந்தப் புரதத்தை ஒரு மருந்தால் முடக்கினேன். வைரஸ் நின்றது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சொல்லப்போகிறேன் என்று தலைகால் புரியாமல் ஆடினேன்.

வைரஸ் இல்லாத செல்களுக்கும் அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். இடமில்லையென்று அந்தச் செல்களுக்கான வளர்ப்புத் தட்டை நான் வைக்கவே இல்லை. எனக்குத் தெரியாமல் நீ வைத்திருந்தாய். வியாழன் மத்தியானம் மைக்ரோஸ்கோப்பை என் பக்கம் தள்ளினாய்.

"ஏட்டி, இதுல வைரஸே கெடையாது. எல்லாம் செத்துக் கெடக்கு பாரு."

"எப்படி?"

"அந்த ஆளு வீட்டுச் சாமானையும்தான சுமக்கான். அவன் கையக் கட்டினா வீடே பட்டினி."

செல் செத்ததால்தான் வைரஸும் நின்றது என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. பொறாமை என்று உன் முகத்துக்கு நேரே சொன்னேன். "அச்சா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றினாய். மூன்று வாரம் உன்னோடு பேசவில்லை. நாலாவது வாரம், சரோஜினி நகர் வீட்டிலிருந்து கிளம்பிய நீ வந்துசேரவில்லை. பஸ் மோதிவிட்டது என்றார்கள்.

டப்பாவில் பதினோரு குப்பிகள். ஒவ்வொன்றிலும் மருந்தின் அளவை மாற்றிக்கொண்டே போயிருக்கிறாய். வைரஸ் நிற்க வேண்டும், செல்லும் பிழைக்க வேண்டும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன அந்த மூன்று வாரமும் எனக்காக அந்த அளவைத் தேடியிருக்கிறாய். குப்பிகளில் சுற்றிய தாளில் "செல் போச்சு", "செல் போச்சு", பிறகு "செல் இருக்கு, வைரசும் இருக்கு". ஐயோ, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீ.

வைரஸ் இல்லாத தட்டைப் பார்க்காமல் இன்றுவரை நான் எந்தக் கூட்டத்திலும் வாய் திறப்பதில்லை. அது நீ கொடுத்த பழக்கம். கடைசிக் குப்பியை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. அதில் நீ முடிவு எழுதவில்லை. "அவகூடச் சேந்து பாக்கணும்" என்று மட்டும் இருக்கிறது.