அம்பிட்டிய ஏற்றத்துக்குத் தொண்ணூற்றைந்து

என் அருமை மச்சானுக்கு,

உன் காரை விற்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ அங்கே பதறிக்கொண்டிருக்க வேண்டாம்.

நீ போன பிறகு கார் ஓட்டும் வேலை என் தலையில் விழுந்தது. ஓய்வுபெற்ற கிளாக்கருக்கு வேறு என்ன வேலை என்று என் தங்கச்சியே முடிவு பண்ணிவிட்டாள். காலையில் கண்டி மார்க்கட்டிலிருந்து அரிசியும் தேங்காயும் மரக்கறியும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு அம்பிட்டிய ஏற்றம் ஏறவேண்டும். அவள் சமைத்துக் கட்டித் தரும் சாப்பாட்டுப் பார்சல்களை மத்தியானத்துக்கு முன்னே டவுன் கந்தோர்களில் வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்கவேண்டும். கார் நின்றால் அவள் அடுப்பும் நின்றுவிடும். உனக்குத் தெரியாததா?

முதல் நாளே பெட்ரோல் ஷெட்டில், டாங்கி மூடிக்குள் ஒட்டியிருந்ததைப் படித்தேன். சாதாரண பெட்ரோல் போதும் என்று போட்டிருந்தது. ஒக்டேன் தொண்ணூற்றிரண்டே ஊற்றச் சொன்னேன். நீ எப்போதும் விலை கூடின தொண்ணூற்றைந்து ஊற்றியதை உன் பவுசு என்றுதானே நாங்கள் நினைத்திருந்தோம்? உன் தலைச் சாயத்தையும் சென்ட்டையும் பார்த்தவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்?

கொஞ்ச நாளில் ஏற்றத்தில் எஞ்சின் தட்டத் தொடங்கியது. தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரிச் சத்தம். மாதக்கணக்கில் அப்படியே ஓட்டிச் சமாளித்துவிட்டு, கடைசியில் கராஜுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் நானா பொனட்டைக்கூடத் திறக்கவில்லை, காதால் கேட்டே சொல்லிவிட்டார். "எஞ்சினக் கழட்டித்தான் பாக்கோணும். பெரிய செலவு வரும்."

தங்கச்சி அன்று சாப்பிடவில்லை. "வித்துருங்கண்ணே. அவரோட காரும் முடிஞ்சுது" என்றாள். கலகெதரவிலிருந்து ஒருவர் வந்து பார்ப்பதாகப் பேச்சாகிவிட்டது.

அந்த வாரத்தில்தான் உன் வருஷத் திதி. உனக்குப் பிடித்ததெல்லாம் இலையில் வைத்தாள். ஆட்டுக்கறி, மாசிச் சம்பல், சாராயம்கூட. கும்பிட்டு எழுந்தவள் என்னிடம், "அண்ணே, இன்னைக்கு ஒரு நாளாவது காருக்கு அவரு ஊத்துறதையே ஊத்துங்க. அதுவும் அவருக்குப் பிடிச்சதுதானே" என்றாள். பெட்ரோலைப் படைக்கிற குடும்பம் உலகத்திலேயே நம்முடையதாகத்தான் இருக்கும். டாங்கியும் வற்றிக் கிடந்தது. தொண்ணூற்றைந்து ஊற்றி, அவளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

ஏற்றத்தில் தட்டுகிற சத்தமே இல்லை, மச்சான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நானாவிடம் போனேன். பொனட்டைத் திறந்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இது மாத்தின எஞ்சினெண்டு முந்தியே செல்லியிருக்கலாமே! மூடியில எழுதி ஈக்கிறது பழைய எஞ்சினுக்கு. இது பவர் கூடினது. ஒக்டேன் கொறஞ்சா பெட்ரோல் நேரத்துக்கு முந்திப் பத்தும். அதான் தட்டிச்சு."

நீ எஞ்சினை மாற்றியது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எஞ்சினோடு பெட்ரோலும் மாறும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சீமான் பெட்ரோல் என்று நாங்கள் கேலி செய்தபோதெல்லாம் சிரித்துக்கொண்டே நின்றாயே!

பழைய எஞ்சின் மூட்டைகளோடு ஏறமுடியாமல் நின்று, சோறு பிந்திப்போய், ஒருநாள் அவள் அழுதாள். அதற்குப் பிறகுதான் நீ வேறு எஞ்சின் தேடிப் போனாய். இப்போதுதான் எனக்கு அது உறைக்கிறது. என் தங்கச்சியை நன்றாக வைத்திருந்தாய். போன பிறகும் வைத்திருக்கிறாய். உனக்கு எப்படி நன்றி சொல்வேன்?

கலகெதரக்காரர் சொன்னபடி வந்தார். "விக்கலைங்க. வீட்டுக்காரரு எனக்குன்னு செஞ்சு வச்சிட்டுப் போனது" என்று சொல்லி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். தொண்ணூற்றைந்தைத் தவிர வேறு ஊற்றமாட்டேன். உன்னைப்போல வாயை மூடிக்கொண்டு போகவும் மாட்டேன். இந்தக் காரைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நேற்று அவளையே ஓட்டவைத்தேன். ஏற்றத்தின் நடுவில் நிறுத்திவிட்டாள். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்துத் தள்ளினான். எனக்குத்தான் வேர்த்தது.

"அடிக்கட்டும்ணே. அவரு போட்ட எஞ்சின், ஏறிரும்" என்றாள்.

ஏறியது.

உனக்குத் தங்கச்சியைக் கொடுத்ததற்கு ஒருநாளும் வருந்தாத,
உன் மச்சான்