பாலத்துக்கு இந்தப் பக்கம்

மார்ச் 6, புதன்

காலையில் ஒஹாயோவிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். எங்கள் நிறத்துக்காரர்கள்தான், கறுப்பர்கள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி மிசிசிப்பி மாநிலத்துக்குள் நுழைகிறவர்கள் முதலில் நிற்பது எங்கள் வரவேற்பு நிலையத்தில்தான். காபி இலவசம், வரைபடம் இலவசம், என் சிரிப்பும் இலவசம். அந்த மனிதர் இரண்டு கப் காபி குடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "நம்ம மாதிரி ஆளுங்க இங்க பயமில்லாம சுத்தலாமாம்மா?" என்றார். நான் சிரித்துக்கொண்டே ஆற்றங்கரைப் பூங்காவுக்கு வழி சொன்னேன்.

அவர்கள் போனதும் ஒடெஸா பிடித்துக்கொண்டாள். என்னோடு வேலை பார்க்கிறவள், வாய் மட்டும் ரெண்டு ஆளுக்கு உண்டு.

"அக்கா, அந்தாளு கேட்டதுக்குப் பதிலே சொல்லலியே நீ."

"சொன்னேனே."

"வழி சொன்னே. பதில் சொல்லல."

மாலையில் டெட்ராய்ட்டிலிருந்து மகன் டேரியஸின் போன். கல்யாணம் ஜூன் எட்டு, நம் ஊர் சர்ச்சில் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது பெண் கமீலின் அப்பா முரண்டு பிடிக்கிறாராம். மிசிசிப்பி மண்ணில் கால் வைக்க மாட்டாராம். அவருடைய அப்பா இங்கிருந்து உயிர் தப்பி ஓடியவர். "அவர் வராம கமீல் கல்யாணம் பண்ணிக்க மாட்டாம்மா. அங்கயே வச்சுக்கலாமான்னு கேக்குறா."

ஒரே பிள்ளை. அவனுடைய அப்பா என் கையைப் பிடித்த அதே சர்ச்சில் அவனைப் பார்க்க வேண்டும். இதைத் தவிர நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

மார்ச் 9, சனி

வருகிறாராம்! கல்யாணத்துக்கு இல்லை, முதலில் ஊரைப் பார்க்க. "பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாராம். பெண் பார்க்க வருகிற மாதிரி மாநிலத்தைப் பார்க்க வருகிறார்.

மார்ச் 22, வெள்ளி

சம்பந்தி ஆகப்போகிறவர் வந்து சேர்ந்தார். மிஸ்டர் லீலண்ட் பிராட்நாக்ஸ். எழுபது வயது, கார் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். உயரம், நேரான முதுகு, இஸ்திரி போட்ட சட்டை. ஆர்கன்சா பக்கத்திலேயே பெட்ரோலை நிரப்பிக்கொண்டுதான் பாலம் ஏறியிருக்கிறார், இங்கே எங்கும் நிற்க வேண்டியிருக்கக் கூடாது என்று. அதை அவரே சொன்னார். அதில் கிண்டலும் இல்லை, மன்னிப்பும் இல்லை. இப்படிப் பட்டென்று பேசுகிறவர்களை எனக்குப் பழக்கமில்லை.

கெளுத்தி மீன் வறுத்திருந்தேன். கீரை, சோள ரொட்டி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு இனிப்பு. நன்றாகத்தான் சாப்பிட்டார். நடுவில் முள்கரண்டியை வைத்துவிட்டு, "என் தாத்தா ஆமோஸ் பிராட்நாக்ஸை இந்தப் பக்கம்தான் எங்கயோ புதைச்சிருக்காங்க. எங்கன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்?" என்றார்.

தெரியும். எங்கள் சர்ச்சின் பழைய ஆட்கள் எல்லோரும் அங்கேதான் கிடக்கிறார்கள்.

"இன்னொரு துண்டு மீன் வச்சுக்குங்க" என்றேன்.

மார்ச் 23, சனி

அவரை எல்லா இடத்துக்கும் கூட்டிப் போனேன். ஆற்றுக் கரை மேடு, இசைக்காரர்களின் அருங்காட்சியகம், புதுப் பள்ளிக்கூடம், எங்கள் நிறத்து மேயர் உட்கார்ந்திருக்கும் அலுவலகம். வருகிறவர்களுக்கு நான் வரைபடத்தில் வட்டம் போட்டுக் கொடுக்கும் அத்தனையும். எல்லாவற்றையும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். திரும்பும்போது, "கல்லறை இந்த ரோட்டுலயா?" என்றார்.

"பார்ப்போம்" என்றேன்.

இந்த ஊரில் 'பார்ப்போம்' என்றால் இல்லை என்று அர்த்தம். முகத்துக்கு நேராக யாருக்கும் இல்லை என்று சொல்ல மாட்டோம். அவருக்கு அது எப்படித் தெரியும்?

ஏன் சொல்ல மாட்டேன் என்கிறேன்? வேறு யாரும் படிக்கப்போவதில்லை, எழுதித் தொலைக்கிறேன். அந்தக் கல்லறை கார்லைலின் சோயா வயலுக்கு நடுவில் இருக்கிறது. நிலம் கைமாறிக் கைமாறிக் கடைசியில் வெள்ளைக்காரன் வயலுக்குள் எங்கள் செத்தவர்கள். பூ வைக்கப் போனாலும் முதலில் அவர் வீட்டு வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் போவது வழக்கம். அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. அதுவல்ல விஷயம். முதல் முறையாக வந்திருக்கும் மனிதரை, அதுவும் இந்த மனிதரை, அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, உங்கள் தாத்தாவைப் பார்க்க இவரிடம் அனுமதி கேளுங்கள் என்று எப்படிச் சொல்வேன்? கேட்ட மாத்திரத்தில் காரைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். என் பிள்ளையின் கல்யாணமும் அதே காரில் போய்விடும்.

மார்ச் 24, ஞாயிறு

எழுத மனமில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

சர்ச்சில் எல்லோரும் அவரைக் கட்டிப்பிடித்தார்கள். ஒடெஸா மூன்று அடுக்குக் கேக் செய்து கொண்டுவந்திருந்தாள். அவர் சாப்பாட்டு மேசையில் மறுபடியும் கேட்டார். நான் கேக் வெட்டித் தட்டில் வைத்தேன். அவ்வளவுதான். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனார். பின்னாலேயே ஓடினேன்.

"மேடம், நானும் வந்த நாள்லேர்ந்து கேக்குறேன். ஒரு தடவ மீனக் குடுத்தீங்க. ஒரு தடவ மியூசியத்தக் காட்டுனீங்க. இப்ப கேக். எங்கப்பா சொல்லுவாரு, அந்த ஊர்ல சிரிச்சுக்கிட்டேதான்டா கதவச் சாத்துவாங்கன்னு. அவரு வெள்ளக்காரங்களச் சொல்றாருன்னுல்ல நெனச்சிருந்தேன்."

கிளம்பிவிடுகிற வேகத்தில் கோட்டைக் கழற்றிக் காரின் பின் சீட்டில் போடுகிறார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

"ஆமாய்யா, தெரியும்! உங்க தாத்தா எங்க இருக்காருன்னு தெரியும்! அது ஒரு வெள்ளக்காரன் வயலுக்குள்ள இருக்கு. அவன் வாசல்ல போயி நின்னு கேட்டுட்டுத்தான் போகணும். எம்பது வருஷமா அப்படித்தான் போயிட்டிருக்கோம். இதயும் வரைபடத்துல வட்டம் போட்டுக் காட்டச் சொல்றீங்களா? எனக்கு வெக்கமா இருக்காதா?"

கத்திவிட்டேன். சர்ச் வாசலில், ஞாயிற்றுக்கிழமை, கையில் கேக் கத்தியோடு.

அவர் காரின் பின் கதவை மூடினார். "இதத்தானே மொத நாளே கேட்டேன். வாங்க போலாம்."

கார்லைல் வாசலுக்கே வந்தார். வழக்கமான பேச்சுதான். "அட, மிஸ் வெர்லீன், இதுக்கெல்லாம் கேக்கணுமா? நேராப் போக வேண்டியதுதானே." எப்போதும் இப்படித்தான் சொல்வார். கேட்காமல் போனால் என்ன சொல்வார் என்று எங்களில் யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. பிராட்நாக்ஸ் தொப்பியைக் கழற்றவில்லை. "எங்க தாத்தாவப் பாக்க வந்தேன்" என்று மட்டும் சொன்னார். கார்லைல் முகம் கொஞ்சம் மாறியது. மழைத் தண்ணீர் தேங்கியிருக்கிறது, என் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். "நடந்தே போறோம்" என்றார் இவர்.

வயல் ஓரமாக நடந்தோம். இந்த ஊர்க் களிமண் ஒரு தரம் காலைப் பிடித்தால் விடாது. அவருடைய பளபளப்பான ஷூ ஒவ்வொன்றும் ஒரு படி மண்ணைச் சுமந்தது. தேவதாரு மரத்தடியில் முட்புதர். பெயர் பொறித்த கல் ஒன்றிரண்டுக்குத்தான் உண்டு. மற்றவர்களுக்கு, செத்தவர் கடைசியாகக் குடித்த கோப்பையையோ தட்டையோ உடைத்து மண்ணில் பதித்திருப்பார்கள். ஆமோஸ் மரத்துக்குக் கிழக்கே மூன்றாவது என்று என் மாமனார் காட்டியிருந்தார். நீலக் கோடு போட்ட ஒரு பீங்கான் ஓடு. அதைத்தான் காட்டினேன்.

அவர் குனிந்து கையாலேயே புல்லைப் பிடுங்க ஆரம்பித்தார். நானும் உட்கார்ந்து பிடுங்கினேன். முள் கிழித்து அவர் விரலில் ரத்தம் வந்தது, துடைக்கக்கூட இல்லை. புல் பாதி குறைந்ததும், "தாத்தா செத்த சேதி எங்கப்பாவுக்கு நாலு மாசம் கழிச்சுத்தான் கெடச்சுது" என்றார். "தெரிஞ்சிருந்தாலும் வந்திருக்க முடியாது. கூலிக் கணக்குல பொய்யின்னு மொதலாளி மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு ஓடினவரு."

சாயங்காலமே கிளம்பிவிட்டார். தேங்க்ஸ் என்றார். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. சேறு அப்பிய ஷூவோடேயே காரில் ஏறினார்.

காரியத்தைக் கெடுத்துவிட்டேனா? கெடுத்துவிட்டேன் போலத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று, இன்றைக்குத்தான் அவரிடம் ஒரு உண்மை பேசினேன்.

மார்ச் 27, புதன்

போன் இல்லை.

ஏப்ரல் 10, புதன்

டேரியஸ் பேசினான். "வந்ததுலேர்ந்து அவர் யார்கிட்டயும் பேசலம்மா. என்னதான் காட்டுன நீ?"

"இருக்கிறதக் காட்டுனேன்" என்றேன். அவனுக்குக் கோபம். வைத்துவிட்டான்.

இன்றைக்கு வேலையில் ஒரு பெண்மணி, "இங்கே கட்டாயம் பார்க்க வேண்டியது எது?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று வாயே வரவில்லை. ஒடெஸாதான் வந்து பேசி அனுப்பினாள். பிறகு ஒரு வார்த்தையும் கேலி பேசாமல் எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள். அவள் கேலி பேசாவிட்டால் நிலைமை மோசம் என்று பொருள்.

ஏப்ரல் 28, ஞாயிறு

அவரே கூப்பிட்டார். சர்ச்சிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மேடம், எங்கப்பா போயி ஒம்பது வருஷமாச்சு. எரிச்சுட்டோம். எங்க வைக்கணும்னு சொல்லாமயே போயிட்டாரு. டெட்ராய்ட்ல எங்கயும் வைக்க எனக்கு மனசு வரல. சாம்பல் எங்க வீட்டு அலமாரியிலதான் இருக்கு."

கைப்பையை மேசைமேல் வைத்தேன்.

"அவரக் கேட்டிருந்தா கண்டிப்பா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பாரு. அங்கயா, செத்தாலும் போக மாட்டேன்னு. ஒரு மாசமா அவரோடதான் சண்டை போட்டுக்கிட்டிருக்கேன். ஆனா அவங்க அப்பா அங்க தனியாக் கெடக்காரே மேடம்." மூக்கை உறிஞ்சினார். பிறகு, "யாரக் கேக்கணும்?" என்றார்.

"யாரையும் கேக்க வேண்டாம்" என்றேன். "எந்தக் கிழமைன்னு மட்டும் சொல்லுங்க."

"கல்யாணம் சனிக்கிழமைதானே? அதுக்கு மொத நாள்."

போனை வைத்த பிறகுதான் புரிந்தது, கல்யாணம் சனிக்கிழமைதானே என்றார் என்று. சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஏப்ரல் 29, திங்கள்

கார்லைல் வீட்டுக்குப் போனேன். இந்த முறை கேட்கவில்லை. ஜூன் ஏழு, மதியம், லீலண்டின் அப்பா ரூஃபஸ் பிராட்நாக்ஸை அவருடைய அப்பா ஆமோஸ் பக்கத்தில் வைக்கிறோம், நாலைந்து கார் வரும் என்று சொன்னேன். அவருக்குப் பழக்கமான பேச்சு நாக்கு நுனி வரை வந்தது. நான் எதையும் கேட்காததால் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. கடைசியில், "வழியை மேடாக்கி வைக்கிறேன். வண்டி புதையாது" என்றார். நல்ல மனிதர்தான். நல்லவரா இல்லையா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதுதான் எங்களுக்குச் சலித்துவிட்டது.

ஜூன் 7, வெள்ளி

நாளைய கல்யாணத்துக்கு வீடு நிறைய ஆள். ஒடெஸா அடுப்படியை எடுத்துக்கொண்டு என்னை விரட்டிவிட்டாள். பத்து நிமிஷம் கிடைத்தது, அதற்குள் இதை எழுதிவிட வேண்டும். நாளைக்கு மறந்துவிடுமே என்பதற்காக இல்லை. மறக்காது.

பகல் பன்னிரண்டுக்குச் சர்ச்சிலிருந்து கிளம்பினோம். முன்னால் பாஸ்டர் கார், அடுத்து என் கார், பின்னால் டேரியஸும் கமீலும், அதற்குப் பின்னால் சர்ச் ஆட்கள். நல்ல வெயில். எல்லாக் காரிலும் முகப்பு விளக்கு எரிந்தது. பிராட்நாக்ஸ் என் பக்கத்தில், மடியில் அப்பா.

நெடுஞ்சாலையில் ஏறினதும் எதிரே வந்த சரக்கு லாரி ஒதுங்கி நின்றது. அதன் பின்னால் ஒரு சின்ன டிரக். பிறகு ஒரு டிராக்டர், இரண்டு கார், பால் வண்டி, கண்ணுக்கு எட்டின வரை ஒவ்வொன்றாக ஓரங்கட்டி நின்றன. அவர் சட்டென்று நிமிர்ந்தார். சாம்பல் பெட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என்ன ஆச்சு? போலீஸா?"

"இல்லீங்க."

"பின்ன ஏன் எல்லாரும் நிக்கிறாங்க?"

"உங்கப்பா போறாருல்ல."

"அவரு யாருன்னே இவங்களுக்குத் தெரியாதே!"

"தெரிய வேண்டியதில்லைங்க. இந்த ஊர்ல யாரோட கடைசிப் பயணம்னாலும் எல்லாரும் நின்னு வழி விடுவாங்க."

டிரக்கிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இறங்கி நின்றிருந்தார். தொப்பி நெஞ்சில். அவரைத் தாண்டும்போது பிராட்நாக்ஸ் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"செத்தவனுக்குக் கழட்டத் தெரியுது" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இல்லையென்றே சொன்னேன்.

கொஞ்ச தூரம் போனோம். இரண்டு பக்கமும் நின்ற வண்டிகள் முடியவே இல்லை. அவர் ஜன்னலை முழுதாக இறக்கினார்.

"இதே ரோட்டுலதான் பருத்தி மூட்டைங்களுக்கு அடியில படுத்துக்கிட்டுப் போனாராம். பதினேழு வயசு. வாயில துணியக் கடிச்சுக்கிட்டு." மடியில் இருந்த பெட்டியை ஜன்னல் பக்கமாகக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க சம்பந்தியம்மா."