கண் திறந்து வரைந்தது

3-7-61, திங்கள்
காலையில் மழை. பஸ் தாமதம். பயிற்சிக் கல்லூரிக்கு எட்டு நிமிடம் பிந்தினேன். வகுப்புக்குள் நுழைந்ததும் முன் வரிசை எழுந்து நின்றது, விரிவுரையாளர் என்று நினைத்து. "உக்காருங்க, நானும் படிக்கத்தான் வந்திருக்கேன்" என்றேன். சிரிப்பு. எல்லாருக்கும் இருபது வயது. எனக்கு ஐம்பத்தாறு.

புதனன்று கற்பித்தல் தேர்வு. தமிழ்ப் பள்ளி, நான்காம் வகுப்பு, ஓவியம். தேறாவிட்டால் சான்றிதழ் இல்லை. ஆசிரியர் வேலையும் இல்லை. முப்பது வருடம் ஸ்டூடியோவில் உருவப்படம் வரைந்தவன். பாடம் நடத்த வருமா? சந்தேகம்தான்.

4-7, செவ்வாய்
புழுக்கம். தேக்கா கடைத்தெருவில் வாங்கியவை: படத்தாள் 40, ரப்பர் 6, சாக்பீஸ். பாடக்குறிப்பு நான்காம் முறை எழுதினேன். தலைப்பு: 'என் வீட்டில் ஒருவர்'. மீனாட்சியை உட்கார வைத்து நடத்திப் பார்த்தேன்.

"என்னங்க, சுவத்தப் பாத்தே பேசுறீங்க. பொண்டாட்டி இங்க இருக்கேன் லா."

5-7, புதன்
வெயில். கெடுத்துவிட்டேன்.

இருபது நிமிடம் நன்றாகவே போனது. பின் வரிசையில் தேன்மொழி என்ற சிறுமி. அப்பாவை வரைந்திருந்தாள், பாயில் படுத்தபடி, கண் மூடி. நல்ல கோடு. என் கை தானாகப் பென்சிலை எடுத்தது. இரண்டு கண்ணையும் திறந்து வரைந்துவிட்டேன்.

ஸ்டூடியோப் பழக்கம். இறந்தவரைக் கிடத்தி எடுத்த, கண் மூடிய போட்டோவைக் கொண்டு வருவார்கள். கண் திறந்த மாதிரி வரைந்து, பொட்டும் வைத்துக் கொடுப்பேன். எத்தனை நூறு பேருக்கு!

"அப்பா தூங்குறாரு சார்! ராத்திரி ஹார்பர்ல வேல. ஏன் எழுப்புனீங்க?" ஒரே அழுகை. ரப்பர் போட்டேன்; தாள் கிழிந்தது.

விரிவுரையாளர் திருமதி ராசநாயகம் கடைசி பெஞ்சில் எழுதிக்கொண்டே இருந்தார்.

சாப்பிடவில்லை. மீனாட்சியிடம் வயிறு சரியில்லை என்றேன்.

6-7, வியாழன்
மேகமூட்டம். திருமதி ராசநாயகம் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்தார், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"முப்பது வருசம் பழகின கை, விளங்குது. எண்டாலும் அது பிள்ளையின்ர படம் ஐயா. ஏன் தொட்டனீங்கள்?"

நாளை இன்னொரு வாய்ப்பு. அதே வகுப்பு, அதே தலைப்பு. இதுவே கடைசி.

குறிப்பு: (1) பென்சில் கொண்டு போகக்கூடாது. (2) கை முதுகுக்குப் பின்னால். (3) அந்தச் சிறுமியிடம் மன்னிப்பு. எந்தச் சொற்களில்? தெரியவில்லை.

7-7, வெள்ளி
தூறல். வகுப்பு தொடங்கும் முன்பே சொல்லிவிட்டேன்: "தேன்மொழி, ஒங்க படத்துல நான் கை வெச்சது தப்பும்மா." எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையாட்டினாள், அவ்வளவுதான்.

அரை மணி கழித்து அவள் பக்கம் போனேன். கையால் தாளை மறைத்தாள். இரண்டடி தள்ளியே நின்றேன், கை முதுகுக்குப் பின்னால்.

"பாக்கலாமா?"

எட்டி என் கைகளைப் பார்த்தாள். தாள் மேலிருந்து தன் கையை எடுத்தாள்.

அதே பாய், அதே அப்பா. இந்த முறை முகத்தின் மேல் ஒரு துண்டு.

"யாரும் எழுப்ப முடியாது சார்."

"முடியாதும்மா" என்றேன். பின்னாலிருந்து திருமதி ராசநாயகத்தின் சிரிப்புச் சத்தம்.

மணி அடித்ததும் குறிப்பேட்டைத் திருப்பிக் காட்டினார்: 'தேர்ச்சி'. இரண்டு முறை படித்தேன்.

படத்தை வகுப்புச் சுவரில் மாட்டலாமா என்று தேன்மொழியிடம் கேட்டேன். கூடாதாம். அப்பா எழுந்ததும் காட்ட வேண்டுமாம்.