தொமிங்காஸ் பேசிய மொழி

மே 4, 1976, செவ்வாய்

காலையில் எங்கள் வார்ட்டுக்குத் தொமிங்காஸ் என்றொரு தீமோர்க்காரி வந்தாள். பஸ் படியில் தவறி விழுந்து கால் எலும்பு முறிவு. கைப்பையில் பெயர் இருந்தது, விலாசம் இல்லை. கட்டிலை விட்டு இறங்கப் பார்த்துக்கொண்டே இருந்ததால் கைகளைக் கட்டிவிட்டார்கள்.

தீமோர் போர்த்துக்கீசர் ஆண்ட தீவாம், அதனால் பின்னேரம் போர்த்துக்கீச மொழிபெயர்ப்பாளர் அம்மா வந்தார். ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட்டார். நாலு சொல்லில் ஒன்றுதான் தங்கள் மொழி, மற்றதெல்லாம் உளறல், விழுந்ததில் மூளை கலங்கியிருக்கிறது என்றார். டாக்டர் தலையாட்டினார். வெள்ளிக்கிழமை மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்களாம்.

உளறலா? உளறுகிறவள் ஒரே வசனத்தை அதே ஒழுங்கில் திரும்பத் திரும்பச் சொல்வாளா?

வீட்டுக்கு வந்து இவரிடம், "சப்பாத்தைக் கழட்டிப்போட்டுக் கதிரையில இருங்கோ, குசினியில பாண் இருக்கு" என்றேன். சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். சப்பாத்து, கதிரை, குசினி, பாண் — நாலும் எங்கள் ஊரில் போர்த்துக்கீசர் விட்டுப்போன சொற்கள்!

"என்னப்பா யோசிக்கிறீர்?"

"எனக்கும் மூளை கலங்கிப்போச்சோ எண்டு."

மே 5, புதன்

பத்மா என்னோடு வேலை செய்கிறவள், பினாங்கில் பிறந்தவள். அவளைக் கட்டிலருகே கூட்டிப்போனேன். தொமிங்காஸ் அதே வசனத்தைச் சொன்னாள். கடைசிச் சொல் 'ஊமா'.

"மலாய்ல வீட்டுக்கு ரூமா. அக்கா, விரலைக் காட்டி எண்ணச் சொல்லுங்க."

அவள் கைக்கட்டை அவிழ்த்து என் விரல்களைக் காட்டினேன். இடா, ருவா, தோலு, ஹாத், லீமா.

"மலாய்லயும் அஞ்சு லீமாதான்! மலாய்க்குச் சொந்தக்கார மொழிக்கா இது. போர்த்துக்கீசச் சொல்லெல்லாம் மேல வந்து ஒட்டினது."

அப்படியானால் முழு மொழி. முழு வசனம். வீட்டில் என்ன?

தீமோர்க்காரர் யாரையும் தெரியுமா என்று மாதாகோயில் பாதிரியாருக்கு ரெலிபோன் எடுத்தேன். மத்தியானம் மெரிலேண்ட்ஸ் புறநகரிலிருந்து அகுஸ்தீனு என்ற தீமோர்க்காரர் வந்தார். குனிந்து கேட்டார். முகம் மாறிவிட்டது.

"பிள்ளை வீட்டில் தனியே என்கிறாள். எட்டு வயது."

ஐயோ, நேற்றுக் காலையிலிருந்தா? அவளிடம் விலாசம் கேட்டுக்கொண்டு அவர் பொலிசோடு போனார். நான் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு திரிந்தேன், யாருக்கு என்ன கொடுத்தேன் என்று இரண்டு தரம் சரிபார்த்தேன்.

நாலரைக்குப் பிள்ளையைக் கூட்டிவந்தார். பொலிஸ் எவ்வளவு தட்டியும் கதவு திறக்கவில்லையாம். அகுஸ்தீனு அவர்கள் மொழியில் கூப்பிட்ட பிறகுதான் திறந்தாளாம். சீனியும் தண்ணீரும்தான் சாப்பாடு.

தாயின் கழுத்தை விடவேயில்லை. தொமிங்காஸ் அதன் பிறகு ஒருதரமும் கட்டிலை விட்டு இறங்கப் பார்க்கவில்லை.

மே 6

டாக்டர் மாற்றக் கடிதத்தைக் கிழித்துப் போட்டார்.

யூன் 11, வெள்ளி

தொமிங்காஸ் ஊன்றுகோலோடு வீட்டுக்குப் புறப்பட்டாள். என் கையைப் பிடித்து, "ஒப்ரிகாடு" என்றாள். நன்றி. அது போர்த்துக்கீசம் அல்லவா, உங்கள் சொந்தச் சொல் என்ன என்று அகுஸ்தீனுவைக் கேட்கச் சொன்னேன். கேட்டார். அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"இதுதானே சொந்தச் சொல் என்கிறாள்."

மகள் வாசலில் திரும்பிக் கையசைத்தாள். "ஒப்ரிகாடு, சிஸ்டர்! பாய்!"